ஓய்வு பெற்ற பின்கள வீரரின் ஆட்ட வாழ்க்கையை எடைபோடுவது எப்படி? மால்டினியை முன்வைத்து ஒரு வழிகாட்டி

கால்பந்தில் முன்கள வீரரைப் பற்றி எழுத உட்காருபவருக்குக் கையில் ஓர் ஊன்றுகோல் இருக்கிறது. எத்தனை ஆட்டம் ஆடினார், எத்தனை கோல் அடித்தார் என்ற இரண்டு எண்களைப் பிடித்துக்கொண்டே பாதித் தூரம் நடந்துவிடலாம். பின்கள வீரரைப் பற்றி எழுதுபவருக்கு அந்த வசதி இல்லை. பிரான்சின் லிலியான் துராம் தம் நாட்டுக்காக 142 ஆட்டங்கள் ஆடி, இரண்டே கோல்கள் அடித்தார். அவை இரண்டும் 1998 உலகக் கோப்பை அரையிறுதியில், குரோஷியாவுக்கு எதிராக, ஒரே ஆட்டத்தில் வந்தவை. மீதி 141 ஆட்டங்களில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டால், கோல் கணக்கிடம் பதில் இல்லை.

பின்கள வீரரின் வேலை, நடக்கவிருந்த ஒன்றை நடக்கவிடாமல் செய்வது. நடக்காமல் போனதற்கு எந்தப் பதிவேட்டிலும் வரி கிடையாது. ஆகவே அதைச் சுற்றி வளைத்துத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது: அவர் எந்த இடத்தில் நின்றார், பக்கத்தில் யார் நின்றார்கள், அவர் நின்ற காலத்தில் அணி எத்தனை கோல் வாங்கியது, தோற்ற நாளில் தோல்வி எந்த வழியாக உள்ளே வந்தது. பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்ப்பவர்களுக்கும், வீரர்களைப் பற்றித் தமிழில் எழுத நினைப்பவர்களுக்கும் உதவும் என்று, நான் கைக்கொள்ளும் முறையை இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக இத்தாலியின் பாவ்லோ மால்டினியை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே அணியில் 25 பருவங்கள் ஆடியவர், நடுவில் இடம் மாறியவர், வெல்ல வேண்டியதையும் தோற்க வேண்டியதையும் நிறையவே பார்த்தவர் என்பதால், இந்த முறையின் எல்லாப் படிகளையும் அவரிடம் சோதித்துப் பார்க்கலாம்.

முதல் பக்கத்தில் எலும்புக்கூடு

ஒரு நோட்டை எடுத்து, முதல் பக்கத்தில் பிறந்த நாள், முதல் ஆட்டம், கடைசி ஆட்டம், ஆடிய அணிகள், ஆட்டங்களின் எண்ணிக்கை ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். புகழுரை ஒன்றும் இந்தப் பக்கத்தில் வேண்டாம்.

மால்டினி 1968 ஜூன் 26 அன்று மிலான் நகரில் பிறந்தார். 1985 ஜனவரி 20 அன்று உதினேசே அணிக்கு எதிரான லீக் ஆட்டத்தின் இடைவேளையில், 16 வயதில், மாற்று ஆட்டக்காரராகக் களமிறங்கினார். ஆட்டம் 1–1 என்று முடிந்தது. அவரை இறக்கிய பயிற்சியாளர் ஸ்வீடனைச் சேர்ந்த நில்ஸ் லீட்ஹோல்ம். கடைசி ஆட்டம் 2009 மே 31 அன்று ஃபுளோரன்ஸ் நகரில். அன்று அவருக்கு 41 வயது நிறைய 26 நாள்கள் பாக்கி. அணி ஒன்றே ஒன்று, ஏசி மிலான். அதற்காக ஆடிய அதிகாரபூர்வ ஆட்டங்கள் 902, அவற்றுள் இத்தாலிய முதல்நிலை லீகான சீரி ஆவில் மட்டும் 647. இத்தாலிக்காக 126 ஆட்டங்கள், 7 கோல்கள்.

இதில் ஓர் எச்சரிக்கை. கிளப் ஆட்டங்களையும் நாட்டுக்கான ஆட்டங்களையும் ஒன்றாகக் கூட்டிவிடாதீர்கள். நான் முன்பு ஒரு குறிப்பில் 902-ஐயும் 126-ஐயும் சேர்த்து 1028 என்று எழுதி, அதை மிலான் கணக்கில் ஏற்றிவிட்டேன். கூட்டல் சரி, பொருள் தவறு. இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்குவதே நல்லது, ஏனெனில் பின்னால் பார்க்கப்போவதுபோல் அவ்விரண்டும் இரண்டு வேறு கதைகள்.

வாங்கிய கோல்களைப் படிக்கும் விதம்

அடுத்த பக்கத்தில் பருவவாரியாக ஒரு பட்டியல் போடுங்கள்: ஆண்டு, லீக் ஆட்டங்கள், அணி வாங்கிய கோல்கள், அட்டவணையில் பிடித்த இடம், பயிற்சியாளர். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். மிலான் 1987–88 பருவத்தில் 14 கோல்களும், 1993–94 பருவத்தில் 15 கோல்களும் வாங்கியது. எண்களை மட்டும் பார்த்தால் முந்தைய பருவமே மேல் என்று தோன்றும். ஆனால் 1988 வரை சீரி ஆவில் 16 அணிகள். ஆகவே 30 ஆட்டங்கள். அதன்பின் 18 அணிகளாகி 34 ஆட்டங்கள் ஆயின. 2004 முதல் 20 அணிகளும் 38 ஆட்டங்களும். வகுத்துப் பார்த்தால் 1987–88-இல் ஆட்டத்துக்கு 0.47 கோல், 1993–94-இல் 0.44 கோல். மேல் கீழாகிவிட்டது. நீண்ட காலம் ஆடிய வீரரின் கணக்கை வகுக்காமல் ஒப்பிடவே கூடாது.

அந்த 1993–94 பருவத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஃபாபியோ கபெல்லோவின் அணி 34 ஆட்டங்களில் அடித்ததே 36 கோல்கள்தான். ஆட்டத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியிருந்தும் பட்டம் வென்றது. கோல்கீப்பர் செபாஸ்டியானோ ரொஸ்ஸி அந்தப் பருவத்தில் தொடர்ச்சியாக 929 நிமிடங்கள் கோல் வாங்காமல் இருந்தார். இதைப் புரிந்துகொள்ள இன்னொரு செய்தியும் தேவை: அந்தப் பருவம் வரை இத்தாலியில் வெற்றிக்கு இரண்டு புள்ளிகள்தான். கோலே இல்லாத சமநிலை ஆட்டம் அரை வெற்றிக்குச் சமம். அடுத்த பருவம் முதல் வெற்றிக்கு மூன்று புள்ளிகள் வந்தபின், அதே சமநிலை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. பின்களத்தின் மதிப்பை மைதானம் மட்டும் தீர்மானிப்பதில்லை. புள்ளி அட்டவணையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

ஆனால் இந்தப் பட்டியலை ஒரு தனிமனிதரின் சாதனைப் பட்டியலாக மாற்றிவிடாதீர்கள். அணி வாங்கிய கோல்கள் அணியினுடையவை. வீரர் எந்த வீட்டில் குடியிருந்தார் என்பதையே இந்தப் பக்கம் சொல்லும்; அந்த வீட்டில் அவர் எந்தத் தூணாக நின்றார் என்பதற்கு அடுத்த படிக்குப் போக வேண்டும்.

பக்கத்தில் நின்றவர்கள்

பின்கள வீரரைத் தனியாக வெட்டியெடுத்துப் பார்க்க முடியாது. நான்கு பேர் ஒரே கயிற்றில் கட்டியதுபோல் நகரும் வரிசையில் அவர் ஒருவர். ஆகவே முக்கியமான ஆட்டங்களில் அந்த நால்வரின் பெயர்களையும், வலமிருந்து இடமாக, நின்ற வரிசையிலேயே எழுதுங்கள். மால்டினிக்கு இதைச் செய்ய மிகவும் ஏற்றவை அவர் ஆடிய எட்டு ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) இறுதி ஆட்டங்கள்.

1989, 1990, 1993 ஆகிய மூன்று இறுதிகளிலும் வரிசை மாறவே இல்லை: வலப்புறம் மவுரோ டசோட்டி, நடுவில் அலெசாண்ட்ரோ கோஸ்டகுர்டாவும் ஃபிராங்கோ பரேசியும், இடப்புறம் மால்டினி. 1994-இல் ஏதென்ஸ் நகரில் பார்சிலோனாவுக்கு எதிரான இறுதியில் பரேசியும் கோஸ்டகுர்டாவும் தடையால் ஆட முடியாமல் போயிற்று. நடுவில் ஃபிலிப்போ கல்லிக்குப் பக்கத்தில் மால்டினி நகர்த்தப்பட்டார். இடப்புறம் கிறிஸ்டியன் பனுச்சி வந்தார். 1995-இல் மீண்டும் இடப்புறம். 2003-இல் அலெசாண்ட்ரோ நெஸ்டாவுக்குப் பக்கத்தில் நடுவில். 2005-இல் நடுவில் யாப் ஸ்டாமும் நெஸ்டாவும் நின்றதால் மறுபடி இடப்புறம். 2007-இல், 39 வயதை நெருங்கும்போது, மறுபடி நடுவில்.

இந்தப் பெயர் வரிசையை எழுதி முடித்ததும், புள்ளிவிவரம் எதுவும் சொல்லாத ஒரு செய்தி தானாக எழுந்து நிற்கிறது. அணிக்கு எந்த இடத்தில் ஓட்டை விழுந்ததோ அங்கே அவரை வைத்து அடைத்திருக்கிறார்கள். முதல் இறுதிக்கும் கடைசி இறுதிக்கும் நடுவே 18 ஆண்டுகள். லெஃப்ட் பேக்காக, அதாவது இடப்பக்கப் பின்கள வீரராக, இருப்பவருக்குப் பக்கக்கோடு ஒரு துணை; எதிராளி வரக்கூடிய திசைகளில் ஒன்று ஏற்கெனவே அடைபட்டிருக்கிறது. நடுவில் நிற்கும் ஸ்டாப்பருக்கு இரண்டு பக்கமும் திறந்த வெளி, முதுகுக்குப் பின்னால் கோல். இரண்டு வேலைகளுக்கும் வேண்டிய கண் வேறு. இரண்டையும் ஐரோப்பிய இறுதி அளவில் மாறி மாறிச் செய்த ஒருவரின் திறனை இந்த எட்டு வரிகளைவிடச் சுருக்கமாகச் சொல்லும் அட்டவணையை நான் பார்த்ததில்லை.

காலையும் குறித்துக்கொள்ளுங்கள். மால்டினி இயல்பில் வலக்கால் ஆட்டக்காரர். வலப்புறத்தில் டசோட்டி இருந்ததால் இடப்புறம் போனவர். இதில் ஒரு லாபம் உண்டு. எதிரணியின் வலப்பக்க விங்கர் (பக்கக்கோட்டை ஒட்டி ஓடும் தாக்குதல் வீரர்) கோட்டை விட்டு உள்நோக்கித் திரும்பினால், அவர் வந்து சேருவது லெஃப்ட் பேக்கின் வலக்கால் பக்கம்; அதாவது மால்டினியின் வலுவான கால் பக்கம். நட்டம், தாக்குதலுக்குப் போகும்போது இடக்காலால் பந்தை உள்ளே அனுப்ப வேண்டும் என்பது. அதைப் பழகியே ஈடுகட்டினார். ஒரு வீரர் எந்தக் காலால் பிறந்து எந்தப் பக்கத்தில் வளர்ந்தார் என்பதை எழுதாத வாழ்க்கைக் குறிப்பு அரைகுறைதான்.

பயிற்சியாளரும் இந்தப் பக்கத்தில் வர வேண்டியவரே. இத்தாலியில் அதுவரை ஆளுக்கு ஆள் காவல் நின்று, பின்னால் ஒருவரை மட்டும் சுதந்திரமாக விடும் முறை ஊறிப்போயிருந்தது. 1987-இல் மிலானுக்கு வந்த அரிகோ சாக்கி அதை உடைத்தார். ஆளைக் காப்பதற்குப் பதில் இடத்தைக் காப்பது, கடைசி பின்கள வீரருக்கும் முன்கள வீரருக்கும் இடையே ஏறத்தாழ 25 மீட்டருக்கு மேல் போகாமல் அணியையே மடித்து வைப்பது, எல்லோரும் ஒரே நேரத்தில் முன்னேறி எதிராளியை ஆஃப்சைடில் (பந்து வரும்போது தடுப்பாளர்களைத் தாண்டி நிற்கும் பிழையில்) விடுவது என்பவை அவர் பாடங்கள். கோல்கீப்பரையும் நான்கு பின்கள வீரர்களையும் ஒரு பக்கம் நிறுத்தி, மறுபக்கம் ரூட் குல்லிட், மார்கோ வான் பாஸ்டன் உள்ளிட்ட பத்துப் பேரை 15 நிமிடம் தாக்கவிட்டும் கோல் விழவில்லை என்பது சாக்கியே பலமுறை சொல்லியிருக்கும் கதை. 19 வயதில் அந்த ஐவரில் ஒருவராக நின்ற பையன், 38 வயதில் ஓட்டம் குறைந்தபின்னும் ஏன் ஆட முடிந்தது என்பதற்கான விடையில் பாதி அந்தப் பயிற்சி மைதானத்தில் இருக்கிறது.

விதிகள் மாறிய ஆண்டுகள்

இதை ஒரு ஓரத்தில் எழுதி வைத்தால் போதும். 1990-இல், கடைசிக்கு முந்தைய தடுப்பாளருக்கு நேர்கோட்டில் நிற்கும் தாக்குதல் வீரர் ஆஃப்சைட் அல்ல என்று விதி தளர்த்தப்பட்டது. 1992 முதல், சக வீரர் காலால் திருப்பிக் கொடுக்கும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்றானது. 1998 உலகக் கோப்பையின்போது, பின்னாலிருந்து வந்து எதிராளிக்கு ஆபத்து விளைவிக்கும் டேக்கிளுக்குச் சிவப்பு அட்டை காட்டுமாறு நடுவர்கள் பணிக்கப்பட்டார்கள். மூன்றும் பின்கள வீரரின் பிழைப்பில் கைவைத்த மாற்றங்கள். மூன்றும் மால்டினியின் ஆட்ட வாழ்க்கைக்குள் வந்தவை. 1989-இல் அவர் கோல்கீப்பரிடம் பந்தைத் தட்டிவிட்டுத் திரும்பி நடப்பதைப் பார்த்து இன்றைய இளைஞர் சிரிக்கலாம். அன்று அது முழுக்க முறையான ஆட்டம்.

ஆட்டத்தைப் பார்க்கும் முறை

இனி நோட்டை மூடிவிட்டுத் திரைக்கு வர வேண்டும். முழு ஆட்டமாகப் பாருங்கள். சிறந்த தருணங்கள் என்று வெட்டி ஒட்டிய ஐந்து நிமிடக் காணொளிகள் பின்கள வீரருக்கு அநியாயம் செய்பவை. அவற்றில் சறுக்கிப் பந்தைப் பறிக்கும் காட்சிகளே இருக்கும். சறுக்கல் என்பது மற்ற எல்லா வழியும் அடைபட்டபின் எடுக்கும் கடைசி ஆயுதம். நல்ல பின்கள வீரர் அதை எடுக்க வேண்டிய நிலைக்கே வருவதில்லை. நம் ஊர்ப் பள்ளி மைதானங்களில், ஓட முடியாதவனைப் பேக்காக நிறுத்தி, அவன் புழுதி பறக்கச் சறுக்கி விழும்போதெல்லாம் கைதட்டிப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தை முதலில் கழற்றி வைக்க வேண்டும்.

ஓர் ஆட்டத்தை இரண்டு முறை பார்ப்பது என் வழக்கம். முதல் முறை சாதாரண ரசிகராக, பந்தைப் பின்தொடர்ந்து. இரண்டாம் முறை பந்தை மறந்துவிட்டு அவரை மட்டும். இது சொல்வதுபோல் எளிதன்று, ஏனெனில் தொலைக்காட்சிக் கேமரா பந்தோடுதான் ஓடும். தாக்குதல் வலப்பக்கத்தில் நடக்கும்போது லெஃப்ட் பேக் திரையிலேயே இருக்கமாட்டார். அதையே ஒரு வாய்ப்பாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். அவர் திரைக்குள் மீண்டும் நுழையும் அந்த நொடியில் காணொளியை நிறுத்துங்கள். அவர் முகம் எங்கே திரும்பியிருக்கிறது? பந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறாரா, தோளுக்குப் பின்னால் ஓடும் ஆளையும் பார்த்துவிட்டாரா? இடுப்பு எதிராளிக்கு நேராக இருக்கிறதா, பக்கவாட்டில் சாய்ந்து நிற்கிறதா? நேராக நிற்பவரை இரண்டு பக்கமும் ஏமாற்றலாம். பக்கவாட்டில் நிற்பவர் ஒரு பக்கத்தை மூடி, மறுபக்கத்தை வேண்டுமென்றே திறந்து காட்டுகிறார். எதிராளி தான் தேர்ந்தெடுத்த வழியில் போவதாக நினைப்பார். உண்மையில் அது அவருக்கு விட்டுக்கொடுக்கப்பட்ட வழி. மால்டினியின் இளவயது ஆட்டங்களில் விங்கர்கள் பக்கக்கோட்டை நோக்கி ஓடி, ஓடி, கடைசியில் பந்தோடு வெளியே போய்விடும் காட்சியைப் பொறுமையாக நிறுத்திப் பார்த்தால், இந்தத் தோள் சாய்வு எத்தனை அடி முன்பே தொடங்கிவிடுகிறது என்று தெரியும்.

பார்க்க வேண்டிய முதல் ஆட்டமாக நான் சொல்வது 1994 மே 18-இன் ஏதென்ஸ் இறுதி. மிலான் 4–0 என்று வென்றதால் எல்லோரும் டானியேலே மாசாரோவின் இரண்டு கோல்களையும், டேஜான் சாவிசெவிச் கோல்கீப்பரின் தலைக்கு மேலே தூக்கிப் போட்ட மூன்றாவது கோலையும் பேசுவார்கள். நீங்கள் மறுமுனையில் மிலான் காத்த கோல் பக்கத்தைப் பாருங்கள். யோஹான் கிராய்ஃபின் பார்சிலோனாவுக்கு அன்று ரொமாரியோவும் ஹிரிஸ்டோ ஸ்டோய்ச்கோவும் இருந்தார்கள். ஆட்டத்துக்கு முன் அவர்கள் பக்கமே வெற்றி வாய்ப்பு என்று பேசப்பட்டது. தம் வழக்கமான நடு இருவர் இல்லாத மிலான் அவர்களை ஒரு கோலும் அடிக்கவிடவில்லை. ஒரு தாளில் ரொமாரியோ பெனால்டி பரப்புக்குள் கோலைப் பார்த்த முகத்தோடு பந்தை வாங்கும் தடவைகளுக்கு ஒரு கோடு, கோலுக்கு முதுகைக் காட்டி வாங்கும் தடவைகளுக்கு ஒரு புள்ளி என்று போட்டுக்கொண்டே வாருங்கள். ஸ்டாப்பரின் வேலை முழுவதும் அந்தக் கோட்டைப் புள்ளியாக மாற்றுவதுதான்.

தோல்விகளுக்குத் தனிப் பக்கம்

வெற்றிகளை மட்டும் அடுக்கினால் எல்லாப் பெரிய வீரரும் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். ஆளுக்கு ஆள் வேறுபாடு தோல்வியில்தான் கண்ணுக்குப் படுகிறது.

எட்டு இறுதிகளில் மிலான் வாங்கிய கோல்களைக் கூட்டிப் பார்த்தேன்: மொத்தம் ஆறு. நான்கு இறுதிகளில் ஒன்றுகூட இல்லை. மார்சேயிடம் 1993-இல் ஒன்று, அயாக்ஸிடம் 1995-இல் ஒன்று, லிவர்பூலிடம் 2007-இல் ஒன்று. மீதி மூன்றும் அதே லிவர்பூலிடம் 2005 மே 25 அன்று இஸ்தான்புலில், 54-ஆம் நிமிடத்திலிருந்து 60-ஆம் நிமிடத்துக்குள் விழுந்தவை. அன்று ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம் முடியுமுன் அந்த்ரேயா பிர்லோவின் ஃப்ரீ கிக்கை வலக்காலால் அடித்து முதல் கோல் போட்டவர் மால்டினியே. அந்தப் போட்டியின் இறுதிகளில் மிக விரைவாக விழுந்த கோல் அது. இடைவேளையில் 3–0. கடைசியில் 3–3, பெனால்டி ஷூட் அவுட்டில் தோல்வி.

பின்கள வீரரை ஆராய்பவர் இங்கே 'மூன்று கோல் வாங்கினார்கள்' என்று எழுதிவிட்டு நகரக் கூடாது. மூன்றையும் தனித்தனியாக நிறுத்திப் பாருங்கள். முதலாவது, யோன் ஆர்னே ரீசே இடப்பக்கத்திலிருந்து அனுப்பிய பந்தை ஸ்டீவன் ஜெரார்ட் தலையால் முட்டியது. லிவர்பூலின் இடப்பக்கம் என்றால் மிலானின் வலப்பக்கம், அதாவது மால்டினி நின்ற பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம். இரண்டாவது, பெனால்டி பரப்புக்கு வெளியிலிருந்து விளாடிமிர் ஸ்மிட்சர் தரையோடு அடித்தது. நடுகளத்தில் யாரும் அவரை நெருக்கவில்லை. மூன்றாவது, ஜெரார்டைக் கத்தூசோ வீழ்த்தியதற்கான பெனால்டி. ஷபி அலோன்சோ அடித்ததைக் கோல்கீப்பர் டிடா தடுத்தும், திரும்பி வந்த பந்தை அலோன்சோவே உள்ளே தள்ளினார். இப்படிப் பிரித்தபின் மால்டினியை விடுவித்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் கேப்டன், ஆறு நிமிடங்களுக்கு அணி குலைந்தபோது அதை இழுத்துக் கட்டும் பொறுப்பு அவர் கையில் இருந்த பட்டைக்கு உண்டு. ஆனால் அது பின்கள வீரரின் பிழையிலிருந்து வேறுபட்ட குற்றச்சாட்டு. வேறாகவே எழுத வேண்டும்.

இப்போது நாட்டுக்கான பக்கத்தைத் திறக்கலாம். மால்டினி 1990, 1994, 1998, 2002 ஆகிய நான்கு உலகக் கோப்பைகளில் 23 ஆட்டங்கள் ஆடினார், ஒன்றையும் வெல்லவில்லை. அவர் விலகி நான்கு ஆண்டுகள் கழித்து 2006-இல் இத்தாலி வென்றது. 'கோப்பை வெல்லாதவர்' என்ற ஒற்றை வரியால் இதை முடித்துவிடுபவர்கள் உண்டு. நான்கு வெளியேற்றங்களையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். 1990 அரையிறுதியில் அர்ஜென்டினாவுடன் 1–1, பெனால்டியில் தோல்வி. 1994 இறுதியில் பிரேசிலுடன் 0–0, பெனால்டியில் தோல்வி. 1998 காலிறுதியில் பிரான்சுடன் 0–0, பெனால்டியில் தோல்வி. அப்போது இத்தாலியின் பயிற்சியாளர் அவருடைய தந்தை செசாரே மால்டினி. 2002-இல் தென் கொரியாவுடன் 90 நிமிடத்தில் 1–1, கூடுதல் நேரத்தில் கோல்டன் கோலால் (முதலில் விழும் கோலே ஆட்டத்தை முடித்துவிடும் அன்றைய விதி) தோல்வி. நான்கு வெளியேற்றத்திலும் 90 நிமிடத்துக்குள் இத்தாலி தோற்கவே இல்லை. அந்த நான்கு ஆட்டங்களின் முறையான நேரத்தில் வாங்கியது மொத்தம் இரண்டு கோல்கள். ஐரோப்பிய நாடுகளுக்கான 2000 யூரோ போட்டியின் இறுதியும் அதே ஜாடைதான்: பிரான்சுடன் 1–1, பிறகு டேவிட் ட்ரெஸகேயின் கோல்டன் கோல்.

இங்கே நிறுத்தினால் வீரருக்கு வக்காலத்து வாங்கியதாகிவிடும். ஆகவே 2002 ஜூன் 18, தேஜோன் நகர ஆட்டத்தின் 117-ஆம் நிமிடத்தையும் பார்க்க வேண்டும். இடப்பக்கத்திலிருந்து லீ யங்-பியோ பந்தை உயர்த்தி அனுப்புகிறார். நடுவில் ஆன் ஜுங்-ஹ்வானுக்குப் பக்கத்தில் நிற்பவர் மால்டினி. 34 வயது நிறைய எட்டு நாள்கள். ஆன் அவரைவிட உயர எழும்பி முட்டிய பந்து உள்ளே போகிறது. அன்று நெஸ்டா காயத்தால் இல்லை, ஃபாபியோ கன்னவாரோ தடையால் இல்லை, ஃபிரான்செஸ்கோ டோட்டி சிவப்பு அட்டை வாங்கி வெளியே போய்விட்டார். காரணங்கள் எத்தனை இருந்தாலும் அந்தத் தலைமுட்டில் தோற்றவர் அவர்தான். இத்தாலிக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டமும் அதுவே. சமாதானம் எதுவும் சேர்க்காமல் அந்த வரியை நோட்டில் எழுதுங்கள். அது அங்கே இருந்தால்தான் 1994-ஐப் பற்றி எழுதிய வரியை வாசகர் நம்புவார்.

விருதுகளுக்கு எவ்வளவு இடம்?

குறைந்த இடம். ஏழு லீக் பட்டங்கள், ஐந்து ஐரோப்பியக் கோப்பைகள் ஆகியவை அணிக்கானவை என்பதால் மேலே எழுதியவற்றுக்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டன. ஆண்டின் சிறந்த வீரருக்கான பாலோன் டி'ஓர் வாக்கெடுப்பில் மால்டினி 1994-இலும் 2003-இலும் மூன்றாம் இடம் பிடித்தார். அந்த விருதை வென்ற பின்கள வீரர்கள் ஃபிரான்ஸ் பெக்கன்பவர், மத்தியாஸ் சாமர், கன்னவாரோ ஆகிய மூவர்தான். அவர்களிலும் முதல் இருவர் வரிசையை விட்டு முன்னேறித் தாக்குதலைத் தொடங்கி வைத்தவர்கள். வாக்களிப்பவர்களும் நம்மைப் போலவே பந்தின் பின்னால் ஓடும் கண்ணை உடையவர்கள் என்பதற்கு மேல் இந்தப் பட்டியலில் படிக்க ஒன்றுமில்லை. சாதனை எண்களும் அப்படித்தான். 647 லீக் ஆட்டங்கள் என்ற சாதனையைக் கோல்கீப்பர் ஜான்லுய்ஜி பஃபன் 2020-இல் கடந்தார். அதனால் மால்டினி ஒரு விரற்கடையும் குறைந்துபோகவில்லை.

ஓய்வுக்குப் பின் வந்தவை

ஓய்வு பெற்றவரைப் பற்றி எழுதும்போது அவர் பின்னாளில் பார்த்த வேலைகளை ஆட்ட வாழ்க்கையின் தொடர்ச்சியாகக் காட்டும் ஆசை வரும். அளவாகச் செய்யுங்கள். மால்டினி 2018-இல் மிலான் நிர்வாகத்துக்குத் திரும்பி, 2019-இல் தொழில்நுட்ப இயக்குநரானார். 2021–22-இல் அணி லீக் பட்டம் வென்றது. 2023 ஜூனில் அவர் பதவி போயிற்று. 2017-இல் 49 வயதில் மிலானில் நடந்த ஒரு தொழில்முறை டென்னிஸ் போட்டியின் இரட்டையர் பிரிவில் இறங்கி, 1–6, 1–6 என்று முதல் சுற்றிலேயே தோற்றதும் ஒரு சுவையான துணுக்கு. ஒரு வரிக்கு மேல் தகாது.

குடும்பத்துக்கு அதைவிடக் கூடுதல் இடம் கொடுக்கலாம், ஏனெனில் அது ஆட்டத்தோடு பின்னிக்கிடக்கிறது. செசாரே மால்டினி 1963-இல் வெம்ப்லியில் மிலான் கேப்டனாக ஐரோப்பியக் கோப்பையை உயர்த்தினார். நாற்பது ஆண்டுகள் கழித்து 2003-இல், அதே இங்கிலாந்தில், மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்டில், யுவென்டஸைப் பெனால்டியில் வென்று மகன் உயர்த்தினார். அவர் அணிந்த 3-ஆம் எண் ஜெர்சியை மிலான் ஓய்வில் வைத்தபோது, மகன்கள் முதல் அணிக்கு வந்தால் அவர்களுக்குத் தரலாம் என்று ஒரு விலக்கும் வைத்தது. மூன்றாம் தலைமுறை டேனியல் 2020 பிப்ரவரியில் மிலானுக்காக ஆடினார்; ஆனால் அவர் பின்கள வீரர் அல்லர், முன்னால் ஆடுபவர்.

கடைசிப் பக்கம்

விடைபெறும் நாளைப் பெரும்பாலோர் பூமாலையாகவே எழுதுவார்கள். அன்று உண்மையில் நடந்ததைத் தேடிப் பாருங்கள். 2009 மே 24 அன்று சான் சீரோவில் மால்டினியின் கடைசிச் சொந்த மைதான ஆட்டம். மிலான் ரோமாவிடம் 2–3 என்று தோற்றது. ஆட்டம் முடிந்து அவர் மைதானத்தைச் சுற்றி வந்தபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்ட, தீவிர ரசிகர்கள் அமரும் தெற்குப் பகுதியில் மட்டும் அவரைக் கடிந்துரைக்கும் பதாகைகளும், முந்தைய கேப்டன் பரேசியின் 6-ஆம் எண்ணைத் தாங்கிய மாபெரும் ஜெர்சியும் விரிக்கப்பட்டன. 25 பருவங்கள் ஆடியவருக்கு அது இனிய மாலையாக இருந்திருக்க முடியாது. ஒரு வாரம் கழித்து ஃபுளோரன்ஸ் நகரில் எதிரணியான ஃபியோரென்டினாவின் ரசிகர்கள் அவருக்காக எழுந்து நின்று கைதட்டினார்கள்.

இந்த இரண்டு நாள்களையும் எழுதி முடித்தபின், இரண்டாம் பக்கத்தில் போட்ட பருவப் பட்டியலுக்குத் திரும்பி வந்து கடைசி வரியை நிரப்ப வேண்டும். என் நோட்டில் அது இப்படி இருக்கிறது: 2009 மே 31, ஃபியோரென்டினா 0, மிலான் 2. பக்கத்தில் கோஸ்டகுர்டா இல்லை, பரேசி இல்லை. வாங்கிய கோல், சுழியம்.